குருநகர் நண்டும் 1972ஆம் ஆண்டுச் சட்டமும்: ஒரு நிகழ்வு ஆய்வு

2025 செப்டெம்பர் தொடக்கத்தில் அமெரிக்க தேசிய கடல்மீன்பிடிச் சேவை, 1972ஆம் ஆண்டின் கடல் முலையூட்டிகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 135 நாடுகளின் ஏறத்தாழ 2,500 மீன்பிடித் தொழில்களைப் பரிசீலித்து முடித்தது. 89 நாடுகள் முழுமையாகத் தேறின. 46 நாடுகளின் 240 தொழில்கள் தவறின. தவறியவற்றுள் இலங்கையின் நீலக்கால் நண்டும் ஒன்று. இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், வியட்நாம் நண்டும் அதோடு சேர்ந்தே தவறியது. தவறிய தொழிலில் பிடித்தவை 2026 ஜனவரி 1 முதல் அமெரிக்காவுக்குள் வரக்கூடாது என்பது முடிவு. ஒக்டோபரில் அங்குள்ள இறக்குமதியாளர்கள் அதை எதிர்த்துச் சர்வதேச வர்த்தக நீதிமன்றத்தில் வழக்கிட்டார்கள்.

நண்டின் தரத்தில் ஒரு குறையும் சொல்லப்படவில்லை. கேட்கப்பட்டது ஒரே கேள்வி: இந்த வலைகளில் வருடத்துக்கு எத்தனை கடல் முலையூட்டிகள் (டொல்பின், திமிங்கிலம், கடற்பசு போன்றவை) பட்டுச் சாகின்றன, அது அந்த இனம் தாங்கக்கூடிய அளவா? இலங்கை கொடுத்த பதில் எடுபடவில்லை. கடல் முலையூட்டிகளுக்காகப் பரிந்துபேசும் அமைப்புகள் வாசிங்டனில் நடத்திய நீண்ட சட்டப் போராட்டம் எப்படி யாழ்ப்பாணத்துக் குருநகர் இறங்குதுறைவரை வந்து சேர்ந்தது, இடையில் எங்கள் பக்கம் எது செய்யப்படாமல் விடப்பட்டது, இனி எதைச் செய்யலாம் என்பவற்றைப் பார்ப்போம்.

இறங்குதுறையில் இருந்து பேணி வரை

குருநகர், பாசையூர், நாவாந்துறை, தீவகம், பூநகரிக் கரை, தெற்கே மன்னார் என்று நண்டு வலை பரவிக் கிடக்கிறது. முழுக்கவும் சிறு படகுக்காரரின் தொழில்: 18 அடி பைபர் படகு, ஒரு வெளியிணைப்பு இயந்திரம், இரண்டு பேர். பின்னேரம் வலையை அடியில் விட்டு விடியப் போய்த் தூக்குவார்கள். நண்டு கரையிலேயே சேகரிப்பவரின் தராசில் ஏறும். பிறகு அவித்து, ஆறவிட்டு, மேசைகளில் பெண்கள் சதை எடுப்பார்கள். நாலு கிலோ நண்டுக்கு ஒரு கிலோ சதை தேறினால் நல்ல நண்டு. அதைத் தரம் பிரித்து, பேணியில் அடைத்து, சூட்டில் பதப்படுத்தி, குளிரிலேயே வைத்துக் கப்பலேற்றுவார்கள். அந்தப் பேணிகளின் பெரிய சந்தை அமெரிக்கா. சந்தை சுருங்கினால் முதல் அடி மேசையில் இருக்கும் பெண்களுக்கு, அடுத்தது இறங்குதுறை விலைக்கு. ஏற்றுமதிக் கம்பனி வேறு பொருளுக்கு மாறிக்கொள்ளும். குருநகர்க்காரரின் வலை மாறாது.

சட்டம் நித்திரையால் எழுந்த கதை

அமெரிக்கக் கடல் முலையூட்டிகள் பாதுகாப்புச் சட்டம் 1972 ஒக்டோபரில் கையெழுத்தானது. அந்தக் காலத்துப் பிரச்சினை கிழக்குப் பசிபிக்கில் சூரை மீனுக்குச் சுற்றிவளைக்கும் வலைகளில் இலட்சக்கணக்கில் செத்த டொல்பின்கள். சட்டத்தில் இறக்குமதி பற்றியும் ஒரு பிரிவு வைத்தார்கள்: அமெரிக்க மீனவருக்குள்ள அளவுகோலை மீறிக் கடல் முலையூட்டிகளைக் கொல்லும் முறையில் பிடித்த மீன் நாட்டுக்குள் வரக்கூடாது. அதிகாரிகளின் விருப்பத்துக்கு விடாமல் கட்டாயமாகவே எழுதப்பட்ட பிரிவு. ஆனாலும் சூரைக்கு வெளியே அது பல தசாப்தங்கள் செயற்படாமலே கிடந்தது.

பரிந்துபேசும் வேலையில் இதைவிடத் தெளிவான பாடம் குறைவு. புதுச் சட்டம் கேட்டு ஒருவரும் கூட்டம் கூட்டவில்லை. இருக்கிற பிரிவை நடைமுறைப்படுத்து என்று 2008இல் உயிரினப் பல்வகைமை மையம் உள்ளிட்ட அமைப்புகள் மனுக் கொடுத்தன. அசைவில்லை. 2014இல் வழக்கிட்டன. இணக்கத்தின் பேரில் 2016 ஓகஸ்டில் விதி வந்தது: ஏற்றுமதி செய்யும் ஒவ்வொரு நாடும் தன் ஒவ்வொரு தொழிலுக்கும் அமெரிக்க ஏற்பாட்டுக்கு நிகரான கட்டுப்பாடு தன்னிடம் உண்டு என்று காட்டி ஒப்புமைச் சான்று பெற வேண்டும். 2017 ஜனவரியில் இருந்து ஐந்து வருட அவகாசம். அவகாசம் முடியும்போதெல்லாம் நீட்டினார்கள். கடைசியாக 2025 டிசெம்பர் 31 வரை. 2024 ஓகஸ்டில் அமைப்புகள் திரும்பவும் நீதிமன்றம் போயின. 2025 ஜனவரியில் ஏற்பட்ட இணக்கம் செப்டெம்பருக்குள் முடிவு சொல்லவேண்டும் என்று கட்டிப்போட்டது.

நடுவில் இரண்டு முன்னோட்டங்கள் நடந்தன. மெக்சிகோவின் மேல் கலிபோர்னியா வளைகுடாவில் இன்று பத்து அளவிலே மிஞ்சியிருக்கும் வக்கீட்டா என்ற சிறு பன்றிமீனுக்காக (டொல்பினுக்கு நெருங்கிய கடல் முலையூட்டி), அந்தப் பகுதியில் செவுள் வலையால் பிடித்தவற்றை மறிக்கும்படி 2018இல் அதே வர்த்தக நீதிமன்றம் கட்டளையிட்டது. 2022இல் நியூசிலாந்தின் மௌயி டொல்பினுக்காக அந்நாட்டு மேற்குக்கரை மீன்கள் சில மறிக்கப்பட்டன. நியூசிலாந்து போன்ற பணமும் ஆராய்ச்சியும் உள்ள நாட்டுக்கே இது நடந்தபோது கொழும்பில் யாராவது நாட்காட்டியைப் பார்த்திருக்க வேண்டும். ஒன்பது வருட அவகாசம் சின்ன அவகாசம் இல்லை. நீட்டிப்பு வந்துகொண்டே இருக்கும் என்று நம்பி வேலையைத் தள்ளிப்போட்டதுதான் நடந்திருக்க வேண்டும் என்பது எங்கள் கணிப்பு.

கேட்கப்படுவது என்ன

சுருக்கமாகச் சொன்னால்: வேண்டுமென்று கொல்வதைத் தடுக்கும் சட்டம், அந்தக் கடலில் உள்ள முலையூட்டி இனங்களின் மதிப்பீடு, எத்தனை படகு, என்ன வலை, எந்தப் பருவம், எந்தக் கடல் என்ற பதிவேடு, தவறிப் பட்டதை மீனவர் அறிவிக்கவேண்டும் என்ற விதி, அறிவிப்பைச் சரிபார்க்கும் கண்காணிப்பு, குறைக்கும் நடவடிக்கை, கடைசியாக ஒரு எல்லைக் கணக்கு, இறப்பு அதற்குள் நிற்கிறது என்ற நிறுவல்.

எல்லைக் கணக்கு மூன்று எண்களின் பெருக்கம். இனத்தின் குறைந்தபட்ச எண்ணிக்கை, அது பெருகக்கூடிய உச்ச வீதத்தின் பாதி, மீட்சிக் காரணி. திமிங்கில டொல்பின் வகைகளுக்கு வேறு தரவு இல்லாவிட்டால் உச்ச வீதம் வருடத்துக்கு 4 வீதம் என்று எடுப்பார்கள், பாதி 0.02. மீட்சிக் காரணி 0.1இல் இருந்து 1 வரை. அழிவின் விளிம்பில் இருப்பவற்றுக்கு 0.1, நிலை தெரியாதவற்றுக்கு 0.5.

ஒரு கற்பனைக் கணக்கு. ஏதோவொரு கடற்பரப்பில் 200 கூன்முதுகு டொல்பின் உண்டு என்று வைத்துக்கொள்வோம். 200 × 0.02 × 0.5 = 2. வருடத்துக்கு இரண்டு சாவு, அதுவும் எல்லாத் தொழிலும் சேர்த்து. இந்து சமுத்திரக் கூன்முதுகு டொல்பின் உலகப் பட்டியலில் அருகிவரும் இனம் என்பதால் காரணியை 0.1 ஆக்கினால் 0.4 வரும், இரண்டரை வருடத்துக்கு ஒன்று. அமெரிக்காவின் உள்ளூர் அளவுகோலில் ஒரு தொழில் தனியே எல்லையின் பாதியை அல்லது அதற்கு மேலே கொன்றால் முதலாம் வகை (ஆபத்து மிகக் கூடியது), 1 வீதத்துக்கு மேற்பட்டால் இரண்டாம் வகை, அதற்குக் கீழே மூன்றாம் வகை. ஆக நூற்றுக்கணக்கான படகுகள் உள்ள ஒரு தொழிலில் வருடம் ஒன்றிரண்டு விலங்கு பட்டாலே முதல் வகைக்குள் விழலாம். "எங்கட வலையில எப்பவாவது ஒண்டுதானே" என்ற பேச்சு இந்தக் கணக்கில் எடுபடாது.

அதைவிட மோசமான நிலை, முதல் எண்ணே இல்லாதிருப்பது. 200 என்று எழுத ஆள் இல்லாவிட்டால் பெருக்கவே முடியாது. எல்லை இல்லாத இடத்தில் எல்லைக்குள் நிற்கிறோம் என்று ஒருவரும் காட்ட முடியாது.

அக்கரையின் பாடம்

இதே பாக்கு நீரிணையின் மறுகரையில் இதே நண்டு பிடிபடுகிறது. இந்தியா ஒப்புமைச் சான்று பெற்றது. காரணம் கமுக்கமானதில்லை. கடலுணவு ஏற்றுமதி அபிவிருத்தி ஆணையம் பணம் போட்டு, மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மீன்வள ஆய்வகமும் கடலில் போய் முலையூட்டிகளை எண்ணின. ஏற்றுமதியில் உழைக்கும் துறையே எண்ணும் செலவை ஏற்றது என்பது கவனிக்க வேண்டிய இடம்.

இங்கே ஒரு முரணைச் சொல்லாமல் விடக்கூடாது. பாக்கு நீரிணையில் சாதாளை எனப்படும் கடற்புல் படுக்கையை உழுது கடற்பசுவின் மேய்ச்சலை அழிப்பதில் இழுவைமடிக்கு நிகரான கருவி இல்லை. எல்லை தாண்டி வரும் தமிழக இழுவைப்படகுகள் எங்கள் மீனவரின் வலையை அறுத்துக்கொண்டு போவது வருடக்கணக்கான வழக்கு. ஆயினும் சான்று பெற்றது அக்கரை. சிறு படகில் நண்டு வலை விடுபவன் தவறினான். அமெரிக்கச் சட்டம் வலையில் நேரே பட்டுச் சாகும் விலங்கைத்தான் எண்ணுகிறது. மேய்ச்சல் அழிந்து மெல்லச் சாகும் விலங்கு அதன் கணக்கில் வராது. இது சட்டத்தின் குறை. ஆனால் குறையைச் சுட்டிக்காட்டி எண்ணாமல் இருந்துவிட முடியாது.

நண்டு வலை எவ்வளவு ஆபத்தானது

எல்லா அடிவலையையும் ஒன்றாகப் போட்டு அடிப்பது பரிந்துபேசுவோர் அடிக்கடி விடும் பிழை. பாக்கு நீரிணையின் சராசரி ஆழமே 9 மீற்றர் அளவுதான். நண்டு வலை அதன் அடியில் குட்டையாக நிற்கும், நூல் மெல்லியது, கண் பெரும்பாலும் நாலு முதல் நாலரை அங்குலம். வளர்ந்த கடற்பசு முட்டினால் வலை கிழிய வாய்ப்பு அதிகம். கன்றுக்கும் சிறு பன்றிமீனுக்கும் அந்த வாய்ப்புக் குறைவு. திருக்கை வலை வேறு சாதி: தடித்த நூல், பெரிய கண், நாட்கணக்கில் ஒரே இடத்தில் கிடக்கும். கடற்பசுவின் துடுப்பும் வாலும் நுழைந்து மாட்டிக்கொள்ள அந்தக் கண் அளவு கச்சிதம். கடற்பசு சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு விடவேண்டும். மாட்டிய வலை மேலே வர விடாவிட்டால் கதை முடிந்தது. விடியத் தூக்கும்போது உயிரோடு கிடைக்காது.

சாவு ஏன் இவ்வளவு பாரம் என்பதையும் சொல்லவேண்டும். கடற்பசு எழுபது வருடம் வரை வாழும். முதற் கன்று ஈனுவதற்கே ஆறில் இருந்து பதினேழு வருடம் எடுக்கும். சினைக்காலம் பதின்மூன்று மாதத்துக்கு மேல். அடுத்த கன்றுக்கு இரண்டரை முதல் ஏழு வருட இடைவெளி. எல்லாம் நன்றாக அமைந்தாலும் ஒரு கூட்டம் வருடத்துக்கு 5 வீதத்துக்கு மேலே பெருகாது. ஒரு பசுவை இழந்த கூட்டம் அதை ஈடுசெய்ய ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

ஆகவே இலங்கை வைத்திருக்க வேண்டிய வாதம் இது: நண்டு வலையையும் திருக்கை வலையையும் பதிவில் வேறு பிரி, இரண்டுக்கும் தனித்தனியே எண்ணு, ஆபத்துக் கூடியதைக் கட்டுப்படுத்து, குறைந்ததைக் குறைந்தது என்று எண்ணோடு காட்டு. இரண்டும் "அடியில் விடும் செவுள் வலை" என்ற ஒரே தலைப்பில் கிடந்தால் திருக்கை வலையின் பழியை நண்டு வலை சுமக்கும்.

எங்கே தவறுகிறது

தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் கடல் முலையூட்டிகளைக் கொல்வதையும் அவற்றின் இறைச்சியையும் உறுப்புகளையும் வைத்திருப்பதையும் குற்றமாக்குகிறது. நல்ல சட்டம். ஆனால் வலையில் தற்செயலாகப் பட்டதை அறிவிக்கவும் அதே மீனவனைத்தான் எதிர்பார்க்கிறோம். செத்த டொல்பினோடு கரைக்கு வந்தால் விசாரணை, படகு மறிப்பு, நீதிமன்ற அலைச்சல். அவன் செய்வது எதிர்பார்க்கக் கூடியதே: துடுப்பை வெட்டி வலையை மீட்டு, உடலை விட்டுவிட்டு வருவான். சில நாளில் வால் இல்லாத உடல் ஒன்று எங்கேயோ கரையொதுங்கும். கடற்றொழில் திணைக்களத்தின் கோப்பில் பூச்சியம், வனஜீவராசிகள் திணைக்களத்தின் கோப்பில் "காரணம் தெரியாத மரணம்". இரண்டு கோப்பும் சந்திப்பதில்லை. பலநாட் கலங்களுக்குப் பதிவேடு கட்டாயம். 18 அடிப் படகுக்கு அப்படியொன்றும் இல்லை.

கணக்கெடுப்புக்குப் போகிறவர்களும் கேள்வியைப் பிழையாகக் கேட்கிறார்கள். (ஓங்கில் என்பது டொல்பினுக்கு எங்கள் ஊர்ப்பெயர்.)

"அண்ணை, போன வருசம் உங்கட வலையில ஓங்கில் ஏதும் பட்டதே?"

"இல்லைத் தம்பி. எங்கட பக்கம் அப்பிடி ஒண்டுமில்லை."

இதைத் தாளில் பூச்சியம் என்று எழுதுவது தரவு அல்ல. வலைச் சேதத்தில் தொடங்கினால் பேச்சு வேறு மாதிரிப் போகும். இந்தச் சோளகத்துக்குள் (தென்மேற்குக் காற்றுக் காலத்துக்குள்) எத்தனை துண்டு வலை மாற்றினீர்கள், எது இழுவைப்படகால் போனது, எது சுருண்டு வந்தது, எந்தப் பாட்டில் (வலை விடும் இடத்தில்), எத்தனை பாகத் தண்ணியில், பக்கத்தில் என்ன கண்டீர்கள். நட்டத்தைச் சொல்ல ஒருவரும் தயங்கமாட்டார்கள். பெயர், படகு இலக்கம் கேட்கக்கூடாது. இறங்குதுறையும் வலை வகையும் போதும். ஒரு துறையில் உள்ள படகுகளில் எத்தனை வீதத்தைக் கேட்டோம் என்பதை எழுதாமல் விட்டால் பின்னால் மொத்தத்துக்குப் பெருக்க முடியாது. இந்த ஒரு எண் விடுபட்டே பல ஆய்வுகள் வீணாய்ப் போகின்றன.

கரையொதுங்கிய உடல் ஒரு ஆவணம்

கடலில் எண்ண நாரா என்ற அரச நீரியல் வள ஆராய்ச்சி நிறுவனமும் பல்கலைக்கழகமும் படகும் பணமும் வேண்டும். கரையில் எண்ணக் கைத்தொலைபேசியும் அளவுநாடாவும் போதும். ஆனால் முறையாகச் செய்யவேண்டும்.

முதலில் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கும் கிராம அலுவலருக்கும் சொல்லவேண்டும். உறுப்பு எதையும் எடுத்துவரக் கூடாது. பல்லை நினைவுக்கு எடுத்தவரும் சட்டத்துக்கு முன் குற்றவாளிதான். வெறுங்கையால் தொடக்கூடாது, கடல் முலையூட்டிகளில் இருந்து மனிதருக்குத் தொற்றும் புருசெல்லா போன்ற கிருமிகள் உண்டு. அளவு மூக்கு நுனியில் இருந்து வால் நடு வெட்டு வரை நேர்கோட்டில்; உடலின் வளைவோடு நாடாவைப் போர்த்தினால் எண் கூடிவிடும். படம்: இடப்பக்கம், வலப்பக்கம், தலை, முதுகுத் துடுப்பு, வால், வயிறு. ஒவ்வொன்றிலும் அளவுகோல் தெரியவேண்டும். வயிற்றுப் பக்கப் படம் ஆண் பெண் அறிய; அதைத்தான் எல்லாரும் மறப்பார்கள். உடலின் நிலைக்கு ஐந்து படி: உயிருடன், புதிதாய்ச் செத்தது, ஓரளவு அழுகியது, மிக அழுகியது, எலும்பும் தோலும். மூன்றாம் படிக்கு மேலே போனால் சாவுக்குக் காரணம் சொல்ல முற்படக்கூடாது.

வலையில் பட்டதென்று சொல்ல எதைப் பார்ப்பது? துடுப்பின் முன்விளிம்பிலும் தலையைச் சுற்றியும் நூல் பதிந்த மெல்லிய கோடுகள். கத்தியால் வெட்டிய நேர்விளிம்பு, வாலிலோ துடுப்பிலோ. நல்ல உடற்கட்டு, நோயில் செத்தது மெலிந்திருக்கும். மிருக வைத்தியர் திறந்து பார்த்தால் மூச்சுக்குழாயில் நுரையும் இரைப்பையில் புதிய இரையும் கூடுதல் சான்று. நூல் பதிந்த கோடுகளின் இடைவெளியை அளவுகோலோடு படமெடுத்தால் சில வேளை வலைக் கண்ணின் அளவையே மதிப்பிடலாம். நண்டு வலையா திருக்கை வலையா என்ற வழக்கு அந்த ஒரு படத்தில் தீரக்கூடும்.

ஏற்கெனவே கோப்பில் கிடப்பதை எடுக்கவும் வழி உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அவருக்கு மூன்று வாரம். அதற்குப் பின் இரண்டு மாதத்துக்குள் ஆணைக்குழு. "கடல் முலையூட்டிகள் பற்றிய எல்லாத் தகவலும்" என்று கேட்டால் ஒன்றும் வராது. யாழ்ப்பாண மாவட்டம், குறித்த ஐந்து ஆண்டுகள், கரையொதுங்கிய ஒவ்வொரு விலங்கின் திகதி, இடம், இனம், எழுதப்பட்ட காரணம் என்று நிரல் போட்டுக் கேட்கவேண்டும். இரு திணைக்களத்துக்கும் ஒரே நாளில் அனுப்பி, வரும் இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இடைவெளி தானே தெரியும்.

விதி எப்படி இருக்கவேண்டும்

அமெரிக்க மீனவன் தவறிப் பட்ட விலங்கைப் பயணம் முடிந்து 48 மணித்தியாலத்துக்குள் அறிவிக்கவேண்டும். அறிவித்தால் அந்தத் தற்செயல் சாவுக்காகத் தண்டனை இல்லை, மறைத்தால் உண்டு. எங்களுக்கு வேண்டியதும் இதே ஏற்பாடு. கடற்றொழில் சட்டத்தின் கீழ் அமைச்சர் வர்த்தமானியில் விதி வெளியிடலாம். புதுச் சட்டம் தேவையில்லை. ஆனால் கடற்றொழில் விதி மட்டும் வந்தால் வனஜீவராசி அதிகாரி பழைய கட்டளைச் சட்டத்தின்கீழ் வழக்குப் போடத் தடையிராது. இரு திணைக்களமும் ஒரே நாளில் ஒரே வாசகத்தை ஏற்காவிட்டால் முதலாவதாக அறிவிக்கும் மீனவன் நீதிமன்றத்தில் நிற்பான். இரண்டாவது அறிவிப்பு வரவே வராது.

விலங்கை விலகச்செய்யும் ஒலிக்கருவி கட்டினால் போதும் என்று சொல்வோரும் உண்டு. வலையில் நூறு மீற்றருக்கு ஒன்றாகக் கட்டி, 10 கிலோஹேர்ட்ஸ் அளவில் சில செக்கனுக்கு ஒருமுறை ஒலிக்கவிடுவது. வடகடலில் பன்றிமீனுக்கு நன்றாக வேலை செய்தது. கடற்பசுவில் அப்படியான பலன் காட்டப்படவில்லை. மின்கலம் தீர்ந்தது வெளியே தெரியாது; ஒலிக்காத கருவியோடு வலை ஒழுங்காயிருக்கிறது என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருப்பார்கள். சின்னப் படகுக்காரனுக்குச் செலவும் கட்டாது.

நண்டுக்கூடு நல்ல மாற்று. தப்பும் துவாரம் வைத்தால் சின்ன நண்டும் வெளியேறும். ஆனால் படகில் இடம் பிடிக்கும், இரை வாங்கவேண்டும், களவு போகும், காணாமற் போன கூடு பிடித்துக்கொண்டே கிடக்கும். நாளடைவில் தானே திறக்கும்படி மக்கும் நூலால் கூட்டின் ஒரு பக்கத்தைக் கட்டாமல் கூட்டைப் பரிந்துரைப்பது அரைகுறை வேலை. எங்கள் முன்னுரிமை வேறு: திருக்கை வலையைச் சாதாளைத் தரையில் விடுவதை மறித்தல், நண்டு வலையை இரவு முழுக்க விடாமல் நேரத்தைக் குறைத்தல், கிழிந்த வலையைக் கடலில் எறியாமல் கரைக்குக் கொண்டுவந்தால் நிறைக்குக் காசு. கடலட்டைப் பண்ணை அடைப்புகள் சாதாளைத் தரையை அடைக்கும் இடங்களில் இந்த வேலை இன்னும் சிக்கலாகும். பண்ணைக்கு அனுமதி கொடுக்கும்போது தரையில் என்ன முளைத்திருக்கிறது என்று பார்ப்பதை நிபந்தனையாக்க வேண்டும்.

வடக்கு முன்பே செய்துகாட்டியது

சட்டத்தை அசைப்பது எங்களுக்குப் புதிதில்லை. இழுவைமடியைத் தடைசெய்யும் தனிநபர் பிரேரணையை எம். ஏ. சுமந்திரன் பாராளுமன்றத்துக்குக் கொண்டுபோக, பின்னர் அரசு அதை எடுத்துக்கொண்டு 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டமாக்கியது. இரண்டு வருடம்வரை சிறை, 50,000 ரூபா தண்டம். பின்னால் நின்றது வடக்கு மீனவர் சங்கங்களின் பல வருட அழுத்தம். அதன் பலவீனமும் தெரிந்ததே: கடற்படை வெளிநாட்டுப் படகைப் பிடிக்கும், உள்ளூர் இழுவைப்படகைக் கரையில் மறிக்க ஒருவரும் முன்வருவதில்லை. சங்கங்கள் தங்கள் ஆட்களையே காட்டிக்கொடுக்க வேண்டிய இடத்தில் சட்டம் நின்றுவிடுகிறது.

திமிங்கிலத்தில் வேறொரு வழி பலித்தது. தெற்கே தேவேந்திரமுனைக்கு வெளியே கப்பற்பாதை நீலத்திமிங்கிலங்கள் கூடும் இடத்தை ஊடறுக்கிறது. பாதையை 15 கடல்மைல் தெற்கே தள்ளக் கோரினார்கள். அதற்குச் சர்வதேச கடல்சார் அமைப்பில் விண்ணப்பிக்க வேண்டியது அரசு. அரசு நகராத நிலையில் எம்.எஸ்.சி. கப்பல் நிறுவனம் 2022இல் தன் கப்பல்களைத் தானே தெற்கே திருப்பியது. அரசு அசையாதபோது வாங்குபவரையும் ஏற்றுபவரையும் அசைக்கலாம் என்பதற்கு இது சான்று. பாதுகாத்த இடத்தையும் காவல் காக்கவேண்டும் என்பதற்குச் சான்று விடத்தல்தீவு: 2016இல் பிரகடனமான இயற்கை ஒதுக்கத்தில் ஒரு பகுதியை நீர்வாழ் உயிரின வளர்ப்புக்காக விடுவிக்க 2024 மேயில் வர்த்தமானி வந்தது, சூழல் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போனார்கள். அக்கரையில் தமிழ்நாடு 2022 செப்டெம்பரில் பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீற்றரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்துவிட்டது.

எண்ணிக்கையை யார் எழுதுவது

நண்டுத் தொழிலில் ஏற்கெனவே ஒரு பதிவு ஒவ்வொரு விடியற்காலையும் நடக்கிறது. சேகரிப்பவர் தராசில் வைத்ததும் ஒரு துண்டு எழுதுவார்: படகு, நிறை, தரம், விலை. ஏற்றுமதிக்கு மூலம் காட்ட வேண்டியிருப்பதால் அந்தத் துண்டு கம்பனிவரை போகிறது. அதில் மூன்று நிரல் கூட்டினால் அமெரிக்கா கேட்கும் பதிவேட்டில் பாதி தானே நிரம்பும்: எத்தனை துண்டு வலை விட்டது, எத்தனை மணித்தியாலம், தவறிப் பட்டவை. ஆமையையும் அதே நிரலில் எழுதலாம்.

இடர் ஒன்று உண்டு. சேகரிப்பவர் பல இடங்களில் முற்பணம் கொடுத்தவரும் அவரே. கடன்பட்டவன் அவரிடம் ஓங்கில் பட்டதென்று சொல்லமாட்டான். சொன்னால் நண்டை வாங்க மறுப்பார் என்ற பயம் இருக்கும். ஆதலால் வலையும் நேரமும் சேகரிப்பவரின் துண்டில் இருக்கட்டும். தவறிப் பட்டவை மட்டும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் தனிப் புத்தகத்தில், பெயரில்லாமல், திகதியும் பாடும் வலை வகையும் மாத்திரம். மாத முடிவில் சங்கம் சமாசத்துக்கு (சங்கங்களின் கூட்டமைப்புக்கு), சமாசம் கடற்றொழில் உதவிப் பணிப்பாளருக்கு. பிரதி ஒன்று நாராவுக்கு, ஒன்று வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு. ஒன்றும் படாத மாதத்திலும் தாள் போகவேண்டும், எத்தனை படகு எத்தனை நாள் கடலுக்குப் போனது என்ற எண்ணோடு. பூச்சியத்துக்குப் பெறுமதி வருவது அந்த எண் பக்கத்தில் இருந்தால்தான். புத்தகத்துக்கும் எழுதும் செயலாளரின் படிக்குமான செலவை ஏற்றுமதிக் கம்பனிகள் கிலோவுக்கு இவ்வளவு என்று ஒதுக்கவேண்டும். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் சங்கங்கள் வைக்கவேண்டிய முதற் கோரிக்கை அதுவே, வர்த்தமானி விதி இரண்டாவது.